வாங்கும் முன் எங்கள் கையில் கொடுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கடலோர நூலகங்களில் எங்களைப் போன்றவர்கள் படிக்க ஸ்கேனரும் வாசிப்புக் கருவியும் வேண்டும். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன்: விலையை மட்டும் பார்த்து எதையாவது வாங்கிவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் விலை உயர்ந்த வாசிப்பு இயந்திரம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஆங்கிலத் தாளை மணிமணியாக வாசித்தது. அப்புறம் தம்பியின் மீன்பிடி அனுமதி டோக்கனை வைத்தேன். படகு எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அதற்குத் தமிழே தெரியாது. டோக்கனில் என்ன இருக்கிறது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம்தான் கேட்டேன்.

இன்று நான் படிப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போனில். திரையில் உள்ளதைச் சொல்லும் டாக்பேக் அதிலேயே இருக்கிறது. தாளின் நடுவில் போனைப் படுக்க வைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, ஒன்றரைச் சாண் நேராகத் தூக்கிப் படம் எடுப்பேன். படத்திலுள்ள எழுத்தைச் செயலி ஒன்று பிரித்தெடுக்கும், டாக்பேக் அதை வாசிக்கும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரத்து எழுத்துகள் போய்விடும். ஆகவே போனை அசையாமல் தாங்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். அதை உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். அதில் ஒரு சிறு விளக்கும் இருக்கட்டும். அறை இருட்டிவிட்டது எங்களுக்குத் தெரியாது.

தடித்த புத்தகத்துக்கு ஸ்கேனர்தான் சரி. மெல்லிய, மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டிய பகுதிதான் அவற்றில் தெளிவாக விழும். தையலை ஒட்டி வளைந்த வரிகள் மங்கிவிடும். சிசிடி வகை கொஞ்சம் பருமன், ஆனால் அந்த வளைவையும் ஓரளவு பிடிக்கும். ஸ்கேன் செய்ய 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும். உப்புக்காற்றுக்கு ஒரு மூடியும் வாங்கிவிடுங்கள்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, இன்றும் இலவசம். ஸ்கேன் செய்த படத்திலுள்ள தமிழ் எழுத்தை டெசராக்ட் என்ற மென்பொருள் உணரும், அதுவும் இலவசம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வடிவில் அச்சாகியிருக்கும். இன்றைய எழுத்தில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். அதைத் திருத்தப் பார்வையுள்ள ஒருவர் உடன் இருந்தால் நல்லது.

பதிப்புரிமை பற்றித் தயங்க வேண்டாம். பார்வையற்றோர் படிப்பதற்காக நூலை மாற்றிக்கொள்ள 2012 சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது.

விலைப்புள்ளியில் கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் கூப்பிடுங்கள். நாங்கள் நாலைந்து பேர் பஸ்ஸில் வந்துவிடுவோம். ஒரு டோக்கன், வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒன்று, எங்கள் வீட்டிலிருக்கும் பழைய நாவல் ஒன்று, மூன்றையும் கொண்டுவருகிறோம். எந்தக் கருவி எவ்வளவு வாசிக்கிறது என்று உங்கள் முன்னாலேயே கேட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகன்