எழுதியவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு மாதமாக மகள் வீட்டில், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் ஊரில் இருக்கிறேன். இங்கேயும் காலையில் காபியோடு உங்கள் நாளிதழை டேப்லெட்டில் படித்துவிடுவேன்.

போன வாரம் ஒரு மெல்லிசை நிகழ்ச்சியைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். மொத்தம் பதினாறு பாட்டுகள். எந்தப் படம், பாடியது யார், இசை யார் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் இருந்தது. எழுதியவர் பெயர் ஒரு பாட்டுக்குக்கூட இல்லை. இது புதிதல்ல, பல வருடமாகப் பார்ப்பதுதான். ஆனால் இந்தத் தடவை மனசு ஆறவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் பாட்டெழுதுகிற நான்கு பேரை ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்த ஊரில் புளூபேர்டு கஃபே என்று ஒரு சின்ன இடம். ஹில்ஸ்பரோ பைக் என்கிற பெரிய சாலையில், வரிசையாகக் கட்டிய கடைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு கடை மாதிரிதான் இருக்கிறது. உள்ளே தொண்ணூறு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். டிக்கெட் இணையத்தில் வந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் என் மகள் மூன்று வாரம் முயன்று இரண்டு டிக்கெட் வாங்கினாள். நான் ஊரிலிருந்து வந்த புதிதில் அவள் என்னை பிராட்வே தெருவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். பட்டப்பகலிலேயே கடைக்குக் கடை பாட்டுக் கச்சேரி, டிரம்ஸ் சத்தம் தெருவரைக்கும் வந்து நெஞ்சில் இடிக்கும். நாஷ்வில் சங்கீதம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

புளூபேர்டில் அன்று மேடையே இல்லை. கூடத்தின் நடுவில் நான்கு நாற்காலி, ஒன்றையொன்று பார்த்தபடி. ஆளுக்கொரு கிடார், ஒரு மைக். சுற்றிலும் நெருக்கி நெருக்கிப் போட்ட மேஜைகளில் நாங்கள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் முழங்கை என் தண்ணீர் தம்ளரைத் தட்டிவிடுமோ என்று நான் தம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டேன். பாட ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்: பாடும்போது பேசக்கூடாது. அந்த இடத்துக்கு அது எழுதாத சட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, எழுதியே வைத்திருக்கிறார்கள்.

டிரங்க் கால் காலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஊரின் பெயரையும் நான்கு எண்ணையும் பிடிப்பதுதான் எங்கள் வேலை. அமைதி என்றால் என்ன விலை என்று ஆபரேட்டருக்குத் தெரியும். தொண்ணூறு பேர் ஒரு பாட்டுக்காக மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். கிடார் கம்பியில் விரல் நகரும்போது வருகிற கீச்சென்ற சின்னச் சத்தம்கூடக் கேட்டது.

ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவர், அப்புறம் அடுத்தவர் என்று சுற்று வருகிறது. அடுத்தவர் பாட்டு தெரிந்திருந்தால் மற்ற மூவரும் மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள். தெரியாவிட்டால் கிடார் மேல் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்கிறார்கள். பாடுவதற்கு முன் அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

பாடிய நால்வரில் எனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கிழக்கு டென்னசி மலைப் பக்கத்துக்காரர். அவருடைய தாயார் தோட்டத்து பீன்ஸைப் பொட்டலம் கட்டி, மேலே டேப் ஒட்டி, மாதமும் வருடமும் எழுதி ஃப்ரீசரில் வைப்பாராம். தாயார் இறந்த பிறகு கடைசிப் பொட்டலம் ஒன்று மட்டும் உள்ளேயே இருந்திருக்கிறது. அந்தக் கையெழுத்துக்காக யாரும் அதைப் பிரிக்கவில்லை. ஒருநாள் கரண்ட் போய் ஃப்ரீசர் முழுக்க உருகிவிட, பிரிக்க வேண்டியதாகிவிட்டது. பாட்டு அதைப் பற்றியதுதான். அவருடைய உச்சரிப்பில் பாதி எனக்குப் புரியவில்லை. பேசக்கூடாது என்பதால் மகளிடம் கேட்கவும் முடியவில்லை. திரும்பும்போது காரில்தான் அவள் வரிவரியாகச் சொன்னாள். ஆனால் அந்த டேப் விஷயம் மட்டும் அங்கேயே புரிந்து அழுதுவிட்டேன். என் அம்மாவின் ஊறுகாய் ஜாடி மூடியில் அவர் எழுதிய தேதி இன்னும் இருக்கிறது.

இன்னொருவர் எழுபதை நெருங்கியவர், தொப்பி போட்டிருந்தார். தன் பாட்டு ஒன்றைப் பெரிய பாடகர் எடுத்துப் பதிவு செய்தால் இங்கே பாட்டெழுதுகிறவர்கள் அதை 'கட்' கிடைத்தது என்கிறார்கள். இவருடைய பாட்டு ஒன்று பதினொரு வருடம் யாரும் சீண்டாமல் கிடந்து, பிறகு கட் ஆகி, ஊரெல்லாம் ஒலித்ததாம். என் மகளுக்கும் அந்தப் பாட்டு தெரியும், காய்கறி வாங்கப் போகிற கடையில் அடிக்கடி போடுவார்களாம். எழுதியவர் இவர் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. குரல் உடைந்து, மேல் ஸ்தாயி எட்டாமல், அங்கே வருகிற வரியைப் பேசுவதுபோலச் சொல்லிக் கடந்தார். பிரபலமானவர் பாடிய பதிவை மகள் மறுநாள் போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அவர் பேசிக் கடந்த அந்த வரிதான் பாட்டு.

மற்ற இருவரில் ஒரு இளைஞர் அன்று காலை இன்னொருவரோடு உட்கார்ந்து எழுதிய பாட்டைத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு பாடினார். பத்து மணிக்கு ஆபீஸ் போவதுபோல ஒரு அறைக்குப் போய், இரண்டு மூன்று பேர் சேர்ந்து மத்தியானத்துக்குள் ஒரு பாட்டை முடிப்பது இந்த ஊரில் தினசரி வேலையாம். நான்காமவர் பாட்டுகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இந்த இடத்தை 1982-ல் ஆரம்பித்தவர் ஏமி கர்லண்ட் என்ற பெண்மணி. அவருடைய அப்பா இங்கே ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர். மகள் தொடங்க நினைத்தது உணவகம்தான், பாட்டு பிறகு வந்து சேர்ந்தது. இப்படி நடுவில் வட்டமாக உட்கார்ந்து பாடுகிற முறையை 1985-ல் டான் ஷ்லிட்ஸ், தாம் ஸ்கைலர், பால் ஓவர்ஸ்ட்ரீட், ஃப்ரெட் நாப்லாக் என்கிற நான்கு பாட்டாசிரியர்கள் அங்கே தொடங்கினார்கள். 2008-ல் ஏமி கர்லண்ட் அந்த இடத்தைப் பாட்டாசிரியர் சங்கத்திடமே ஒப்படைத்தார். எழுதுகிறவர்களின் கையிலேயே அது இன்றைக்கும் இருக்கிறது.

அந்த டான் ஷ்லிட்ஸ் பற்றி ஒரு செய்தி. கென்னி ராஜர்ஸ் பாடி 1978-ல் உலகமெங்கும் போன 'தி கேம்ப்ளர்' அவர் எழுதியது. எழுதியபோது அவருக்கு இருபத்துமூன்று வயதுதான். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் வேலை செய்வது அதே வாண்டர்பில்ட்டின் மருத்துவமனையில், அவளுக்கும் பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். நானும் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மனுஷருக்கு என்னென்ன தோன்றும் என்று தெரியும் என்பதால், அந்த வளாகத்தைத் தாண்டும்போதெல்லாம் இப்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் மகள் சொன்னாள். இந்த நாட்டு ரேடியோவில் ஒரு பாட்டைப் போட்டால் ரேடியோ நிலையம் அதற்குப் பணம் கட்டுவது பாட்டை உருவாக்கியவர்களுக்குத்தான். பாடியவருக்கு அங்கிருந்து எதுவும் வருவதில்லை. பாடியவருக்கும் தர வேண்டும் என்பது என் எண்ணம். எழுதியவரை முதலில் நினைத்த அந்த வழக்கத்தை மட்டும் நாம் கவனிக்கலாம்.

நம் ஊர் விஷயம் வேறு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாஷ்வில்லில் வார்த்தையும் மெட்டும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்லது ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள் செய்வது. நம் சினிமாவில் இசையமைப்பாளர் மெட்டைக் கொடுத்துவிடுகிறார், அந்த அளவுக்குள் கவிஞர் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். அது இன்னும் சிரமமான வேலை என்றுதான் நான் சொல்வேன். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதுகிறவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆக்கினார்களே, பெயர் போடுவதற்கு என்ன தடை?

ஒரு காலத்தில் நமக்கு இது பழக்கமாகவே இருந்தது. சின்ன வயதில் இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் இயற்றியவர் பெயரைச் சொல்வதைக் கேட்டுத்தான் நான் கவிஞர்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே எழுதியவர் பெயர் இருக்கும். அப்படி நூற்றுக்கு மேல் புத்தகங்களைச் சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாணித்தாள் பொடிந்து உதிர்கிறது, பெயர்கள் மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் நாளிதழில் ஒரு பாட்டின் பெயர் வந்தால், அது நிகழ்ச்சி விமர்சனமாக இருந்தாலும், பாடகருக்கு அஞ்சலியாக இருந்தாலும், பக்கத்தில் எழுதியவர் பெயரும் வரட்டும். இரண்டு வார்த்தைக்கு மேல் இடம் ஆகாது. பாட்டுக் கச்சேரி நடத்துகிறவர்களும் மேடையில் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லட்டும். எழுதியவர் உயிரோடு, அதே ஊரில் இருந்தால், ஒரு நாற்காலி போட்டுக் கூப்பிட்டு அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று கேட்கட்டும். தொண்ணூறு பேர் வந்தால் போதும், சின்னக் கூடமே போதும்.

நீங்கள் போட்ட அந்தப் பதினாறு பாட்டுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு பாட்டுக்கு எழுதியவர் பெயர் நினைவிலிருந்தே வந்தது. மீதி நான்குக்குக் கும்பகோணத்தில் இருக்கும் என் தங்கையைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன், மூன்று கிடைத்தன. கடைசி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். பட்டியலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பதினோராவது வரிக்கு எதிரே காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் நிரப்பிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
கும்பகோணம் (தற்போது நாஷ்வில்)