மச்சானிடம் சொல்லிவை

அன்புள்ள சேகர்,

போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ, வீடே பரீட்சை எழுதுகிறது.

முதலில் உன் மச்சானைத் தடு. கல்யாண மண்டபத்தில் செல்போன் சிக்னலைக் கூட்ட ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டப் போகிறாராமே! நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைப்பது குற்றம். மொட்டை மாடி ஆண்டெனா டவரிலிருந்து வாங்கும், உள்ளே இருப்பது கொடுக்கும். கொடுத்தது திரும்ப மாடிக்குக் கேட்டால் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்த கதைதான், ஊளையிடும். அந்த இரைச்சல் டவருக்கும் போய், சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் கால் கெடும்.

பவர் எவ்வளவு என்று கேட்கிறாய். பவரை விடு, இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார். ரிப்பீட்டர், அதாவது அந்த பூஸ்டர், 70 டிபி (டெசிபல், சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் கணக்கு) பெருக்கினால் நடுவே 85 டிபியாவது இழப்பு வேண்டும். யாகி, அதாவது ஒரே திசையைப் பார்க்கும் மாடி ஆண்டெனா, டவரைப் பார்க்கட்டும், உள் ஆண்டெனா அதன் முதுகுப் பக்கம் தள்ளி இருக்கட்டும். தகரக் கூரை இதற்கு நல்லது, ஜன்னல்கள்தான் ஒழுகும்.

இப்போது நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் பேஸ்மென்டில், அங்கே சிக்னலே இல்லை. ரத்தம் கேட்டுப் பேச நர்ஸ் படியேறி ஓடுகிறார், சேகர். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. ஒரு பெரிய ஆண்டெனா போதும் என்கிறார்கள். போதாது. எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈயத் தகடு, வெளி ஆண்டெனாவால் உள்ளே ஒன்றும் ஆகாது. சின்னச் சின்ன டோம்களாக, அதாவது சீலிங்கில் மாட்டும் குட்டி ஆண்டெனாக்களாக, பல வேண்டும். அரை இஞ்ச் கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிபி தின்னும், அதாவது கடைசியில் வருவது பத்தில் ஒரு பங்கு. அதனால் கிட்ட இருக்கும் டோமுக்கு டேப்பர் என்ற பிரிப்பானை வைத்துக் கொஞ்சம் மட்டும் கிள்ளிக் கொடுத்து, மிச்சத்தைத் தூரத்துக்கு அனுப்புகிறேன்.

இன்டீரியர்காரர் டோம்களை உலோக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைக்கச் சொன்னார். மாட்டிக் காட்டினேன், போனில் ஒரு கோடுதான். டைலை வெட்டி டோமைக் கீழே இறக்கியதும் நாலு கோடு. பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விட்டார்.

சரி, மண்டபத்தின் நீள அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், மாடியில் போன் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) காட்டுகிறது, எல்லாம் எழுது. சிம் கம்பெனிக்கு மச்சான் பெயரிலேயே ஒரு மனு போடுங்கள், அவர்கள் வந்து வைக்கலாம். பாலுவிடம் மட்டும் சொல்லிவிடாதே, மறுநாளே ஏணியோடு நிற்பான். அம்மாவின் முழங்கால் எப்படி?

அன்புடன்,
ரவி