அன்னதானக் கூடம் நிலநடுக்க வலுவூட்டல் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

"சென்னைக்கு ஏது பூகம்பம்?" என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2002 பதிப்பு சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு ஏற்றியது. எவ்வளவு பலமான நடுக்கத்துக்குக் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் காரணி அதில் இரண்டுக்கு 0.10, மூன்றுக்கு 0.16. நம் இரும்புச் சட்டக் கூடம் அதற்கு முன்பே எழும்பியது.

"விரிசலே தெரியாதபோது ஃபால்ஸ் சீலிங்கை ஏன் உடைத்தீர்கள்?" 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பல கட்டடங்கள் நேராகத்தான் நின்றன. சீலிங்கையும் தீத்தடுப்புப் பூச்சையும் அகற்றியபோதே பீம்-தூண் வெல்டிங் விண்டிருந்தது தெரிந்தது, பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்சில் (பீமின் அடியில் படுக்கையாக இருக்கும் தகடு). அங்கே பீமின் நடுத்தகடு குறுக்கிடுவதால் வெல்டர் விட்டுவிட்டுத்தான் ஓட்ட முடியும். ரூட்டில், அதாவது வெல்டின் அடிவேரில், கசடு தங்கும்; உருகிய உலோகம் வழியாமலிருக்க அடியில் வைக்கும் பேக்கிங் பட்டை அதை மறைக்கும். நம் 64 மூட்டுகளில் 11-இல் அல்ட்ராசோனிக் (ஒலியலை) சோதனை இதையே காட்டியது.

இனி ஒப்பந்ததாரர் விவகாரம். 64 மூட்டிலும் கீழ் ஃபிளேஞ்சின் பேக்கிங் பட்டையை வெட்டியெடுத்து, ரூட்டை நல்ல உலோகம் வரை தோண்டி, மறுவெல்டிங் செய்து, 8 மி.மீ. ஃபில்லெட் (மூலையில் போடும் முக்கோண வெல்டிங்) போட மூட்டுக்கு ரூ.6,500. மேல் பட்டையை விட்டுவைக்கலாம், தூணோடு 8 மி.மீ. ஃபில்லெட்டால் சேர்த்தால் போதும் என்று பொறியாளர் பிறகு சேர்த்தார். அதற்கும் முழு 6,500 கேட்டு வேலையை நிறுத்தினார்கள். தோண்டும் வேலையே இல்லாததற்கு அந்தத் தொகை நியாயமில்லை. ஆனால் தலைக்கு மேல் பிடித்து ஓட்டும் வெல்டிங் என்பதால் 3,000 கொடுத்தோம். இதை 'விட்டுக்கொடுத்தது' என்பவர்கள் ஒருமுறை அந்தச் சாரத்தில் ஏறிப் பார்க்கட்டும். மழைக்காற்றில் பொட்டலம் பிரிந்து கிடந்த 7018 வகை வெல்டிங் ராடுகளையும் திருப்பி அனுப்பினோம். ஈரம் ஏறிய ராடிலிருந்து ஹைட்ரஜன் உலோகத்துக்குள் போகும். வெல்டிங் ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, விரிசல் விடும். அந்த ராடால் ஓட்டிய 6 மூட்டுகளை அவர்கள் செலவிலேயே வெட்டி மறுபடி போடவைத்தோம். ராடுகளை ஈரமில்லாமல் வைக்கும் ஓவன் வந்த பிறகே வேலை தொடர்ந்தது.

மதிப்பீடு ரூ.38.00 லட்சம், செலவு 43.22. கூடுதலில் மேல் ஃபில்லெட் 1.92, சீலிங்கும் பூச்சும் 3.30.

குறுக்குத் தாங்கிகள் 8, முனைகளில் போல்ட்: வளைந்தால் கழற்றி மாற்றலாம். தாங்கியைச் சட்டத்தோடு இணைக்கும் கஸ்ஸெட் தகட்டில் அதன் தடிமனைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டிருக்கிறது, தாங்கி நெளியும்போது தகடு கிழியாமல் மடங்க. தூணின் அடித்தகட்டுக்குக் (பேஸ் பிளேட்) கீழே கிரவுட் கலவை நிரப்புதல், பெயிண்ட் முடிந்தன.

தூண்களின் தூக்குக்குண்டு அளவுகள் பதிவேட்டில் உள்ளன. நடுக்கத்துக்குப் பின் 3.6 மீட்டர் தளத்தில் 18 மி.மீ.க்கு மேல், அதாவது 0.5 சதவீதம், சாய்ந்தே நின்றுவிட்டால் செப்பனிடுவதைவிடப் புதிதாகக் கட்டுவது மலிவு என்பது ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது.

உபயதாரர்கள்: பூக்கடைத் தெரு வியாபாரிகள், மார்கழி பஜனைக் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வடக்கு மாட வீதிக் குடும்பங்கள், ஓவன் வாடகை தந்த லேத் பட்டறைக்காரர், சாரம் கொடுத்த மூங்கில் மண்டி, பெயர் வேண்டாம் என்ற இருவர். அனைவருக்கும் நன்றி. ஒப்பந்ததாரருக்குத் தராமல் பிடித்து வைத்திருக்கும் 5 சதவீத நிறுத்தத் தொகை ஓராண்டுக்குப் பிறகே விடுவிக்கப்படும். பில்கள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன.

— திருப்பணிக் குழு