850 மீற்றர் வாய்க்கால்

கிளிநொச்சி

மச்சான்,

உன்ர எக்செல் ஷீற்றைத் திறந்தன். வாய்க்காலில தண்ணி ஆழம் 850 மீற்றர் எண்டு காட்டுது. இரணைமடுக் குளத்தைக் கவிட்டு ஊத்தினாலும் அடி நனையாது. இதுக்குள்ள "எக்செல் பழுது" எண்டு வேற எழுதியிருக்கிறாய். அது ஒரு பாவமும் அறியாது.

இஞ்ச எல்லாரும் சுகம். கண்ணாடி மாஸ்ரருக்குப் பென்சன் வந்திட்டுது, வாய் மட்டும் அப்பிடியே இருக்கு. ஊர்ப்புதினம் போதும்.

நீ தந்தது: அடி அகலம் 2 மீற்றர், கரைச் சாய்வு 1.5க்கு 1, நீளச் சாய்வு 2500க்கு 1, மானிங் குணகம் (வாய்க்காலின்ர கரடுமுரடுக்கான எண்) 0.025, பாய்ச்சல் செக்கனுக்கு 2 கனமீற்றர். பாய்ச்சலைக் குணகத்தால பெருக்கி, நீளச் சாய்வின்ர வர்க்கமூலத்தால பிரிச்சா 2.5. அப்ப, மானிங் சமன்பாட்டின்படி, தண்ணியின்ர குறுக்குவெட்டுப் பரப்பின்ர 5/3ஆம் அடுக்கை ஈரச் சுற்றளவின்ர (குறுக்குவெட்டில தண்ணி தொடுற அடியும் கரைகளும் சேர்ந்த நீளம்) 2/3ஆம் அடுக்கால பிரிக்க 2.5 வரவேணும். ஆழம் ரெண்டுக்குள்ளயும் ஒளிச்சிருக்கிறதால நேர உருவி எடுக்கேலாது. மறுசெய்கைதான் வழி: ஒரு ஆழத்தை ஊகிச்சுப் போட்டு, வாற விடையைத் திருப்பித் திருப்பிப் போடுறது. அதுமட்டும் நீ சரி.

ஆனா நீ பரப்பை வைச்சுச் சுற்றளவைக் கண்டு, அதிலயிருந்து ஆழத்தை எடுத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தால வந்தா, சுற்றளவு எண்டது பரப்பின்ர 2.5ஆம் அடுக்கை 3.953ஆல பிரிச்சது. வில்லங்கம் அந்த 2.5இலதான். பரப்பில 1 வீதம் பிசகினா சுற்றளவில 2.5 வீதம் பிசகும். ஆழத்துக்குத் திருப்பேக்க, விடைக்குக் கிட்ட நிண்டாலும் வழு ஒவ்வொரு சுற்றிலயும் 5.6 மடங்காகுது. 1 மீற்றரில தொடங்கிப் பார்: 1.053, 1.383, 4.73, பிறகு உன்ர 850. இன்னும் நாலைஞ்சு வரி இழுத்தா எக்செல்லே எண்ணைத் தாங்கேலாமல் பிழைச் செய்தி போடும்.

அதே சமன்பாட்டை மறுபக்கத்தால திருப்பு. 2.5இன்ர 0.6ஆம் அடுக்கு 1.733. அதைச் சுற்றளவின்ர 0.4ஆம் அடுக்கால பெருக்கு. சுற்றளவு, 2 கூட்டல் 3.606 தர ஆழம். வந்ததை "2 கூட்டல் 1.5 தர பழைய ஆழம்" எண்டதால பிரி. புது ஆழம் அதுதான். 1இல தொடங்கினா 0.9866, 0.9889, 0.9885, 0.9886. விடைக்கு அங்காலயும் இஞ்சாலயுமா ஆடி, வழு ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய ஆறிலொண்டாச் சுருங்குது. சமன்பாடு ஒண்டு, விடை ஒண்டு, எந்தப் பக்கத்தால உருவுறது எண்டதுதான் வித்தியாசம்.

குட்டியின்ர சொல்லைக் கேட்டு, பழைய ஆழத்தையும் புது ஆழத்தையும் பாதிக்குப் பாதி கலந்தும் பார்த்திருக்கிறாய். அது நல்ல மருந்துதான், உன்ர வருத்தத்துக்கு இல்லை. வழு ஒவ்வொரு சுற்றிலயும் குறி மாறி ஆடி, மடங்கு சய (கழித்தல்) 1.3 எண்டு வைச்சுக்கொள், பாதி கலந்தா அது சய 0.15 ஆகி அடங்கும். உன்ர மடங்கோ சக (கூட்டல்) 5.6, ஒரே பக்கமா ஓடுது. பாதி கலந்தாலும் 3.3. கொஞ்சம் ஆறுதலா ஓடித் தொலையும், அவ்வளவுதான். அதால, மருந்து போட முதல் நாலு வரியை எழுதிப் பார். அடுத்தடுத்த மாற்றங்களை ஒண்டை ஒண்டால பிரி. ஆடுதோ ஓடுதோ எண்டு அந்த விகிதம் சொல்லும்.

எங்க நிப்பாட்டுறது எண்டு கேட்டனி. "மாற்றம் 0.001க்குக் குறைஞ்சா முடிஞ்சுது" எண்டு நம்பாத. விகிதம் 0.99 எண்டா, மாற்றம் 0.001ஆ இருக்கேக்கயும் மிச்ச வழு 0.1க்குக் கிட்ட இருக்கும். எக்செல்லின்ர மறுசெய்கைத் தெரிவு தானா வைச்சிருக்கிறதும் இதே 0.001தான், கூடினது 100 சுற்று. அதோட, தன்னையே சுட்டுற கலத்துக்குள்ள ஒருக்காப் பிழைச் செய்தி புகுந்தா, தொடக்கத்தை மாத்தினாலும் வெளிக்கிடாது. எனக்கு அந்தத் தெரிவே பிடிக்காது. வரிக்கு ஒரு சுற்றா கீழ இழு, கண்ணுக்கு முன்னால தெரியும். கடைசியில ஆழத்தை மானிங்குக்குள்ள திருப்பிப் போடு: 0.9886க்குப் பரப்பு 3.443, வேகம் 0.581, பாய்ச்சல் 2.000. சரிபார்க்கிறதெண்டா இதுதான்.

கிளை வாய்க்கால்களையும் சேர்க்கப்போறன் எண்டாய். அப்ப தெரியாக் கணியங்கள் பல. 1823இல காவுஸ் தன்ர மாணவன் கெர்லிங்குக்கு இப்பிடி ஒரு மறுசெய்கையை எழுதி அனுப்பினவர், அரை நித்திரையிலயும் செய்யலாமாம். 1874இல சைடல் வெளியிட்ட பிறகு ரெண்டு பேரும் சேர்ந்திட்டினம். விஷயம் சின்னது: ஒரு சந்தியின்ர புதுப் பெறுமானம் வந்த கையோட அடுத்த சந்திக்கு அதைப் பாவி, சுற்று முடியுமட்டும் பழசைப் பிடிச்சுக்கொண்டு நிக்காத. உங்கட கூத்து ஒத்திகையில அண்ணாவியார் செய்யிறதும் இதுதானே, ஒருத்தன்ர பாட்டைத் திருத்தினா அடுத்தவன் அந்தத் திருத்தினதுக்குத்தான் பதில் பாடவேணும். பெரும்பாலும் கெதியா விடையில ஒருங்கும்.

இன்னொண்டு, இதில பகிடி இல்லை. நாலாம் தசமதானத்துக்கு அடிபடுறாய், ஆனா அந்த 0.025 துப்பரவா வைச்சிருக்கிற மண் வாய்க்காலுக்கு. புல்லும் களையும் மண்டினா 0.035 சாதாரணம். அதைப் போட்டுப் பார், ஆழம் 1.17 மீற்றர். 18 சென்ரிமீற்றர் கூட. கரைக்கு எவ்வளவு உயரம் விட்டிருக்கிறீங்கள்? கமக்காரர் கூட்டத்தில 0.9886ஐக் காட்டிப்போட்டு, சிறுபோகத்துத் தண்ணி கரையால வழிஞ்சா, உன்ர தசமத்தை ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

துருசு (குளத்து மதகு) திறக்கிற அண்டு, நேரான துண்டாப் பார்த்து, ஆழம் ஒரேயளவா நிக்கிற இடத்தில மட்டக்கோலை வை. ஆழத்தையும் வேகத்தையும் அளந்து அனுப்பு. ஆழம் தெரிஞ்சா குணகம் ஒரே பிரித்தலில வரும், அதுக்கு மறுசெய்கையும் வேண்டாம் குட்டியும் வேண்டாம்.

அன்புடன்,
உன்ர பழைய மேசைக்காரன்