மோதிரத்தைக் காணோமா? ஆளைத் தேடும் முன் மண்ணைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாழடைந்த கோயில் ஒன்றின் பக்கம் மெட்டல் டிடெக்டரும் கடப்பாரையுமாக இரவில் சுற்றிய கும்பல் பிடிபட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அன்று காலை டீக்கடையில் ஒருவர், “என்ன, உங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாமே?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நான் சொன்ன பதில் அச்சில் ஏறாது. தங்களுக்குக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

அந்தக் கும்பலிடம் இருந்தது போன்ற கருவி என்னிடமும் இருக்கிறது. தொலைபேசித் துறையின் நிலத்தடி கேபிள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 2020 ஜனவரி கடைசியில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அவர்களில் ஒருவன். மண்ணுக்கடியில் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்பதை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓசையை வைத்தே கண்டுபிடிப்பது எங்கள் பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் காது சும்மா இருக்கவில்லை. மோதிரம், கம்மல், மெட்டி என்று யாராவது எதையாவது தவறவிட்டுவிட்டுக் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுக்கிறேன். பகலில் மட்டும்தான் வருவேன். நிலத்துக்குச் சொந்தக்காரர் கூடவே நிற்க வேண்டும். பஸ் கட்டணத்துக்கு மேல் வாங்குவதில்லை. சம்பளமில்லாத கேபிள் வேலை என்பார் என் மனைவி.

புதையல் தேடுகிறவர்களுக்காகப் பரிந்து பேச வரவில்லை. கீழடியில் தொல்லியல் துறையினர் சிறு கரண்டியும் தூரிகையுமாக மண்ணை அடுக்கடுக்காக நீக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் காலக் கணக்கே இருக்கிறது. கடப்பாரையால் பிடுங்கி எடுத்தால் மிஞ்சுவது எடைக்குப் போடும் செம்பு. சட்டமும் இதில் குழப்பம் வைக்கவில்லை. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம். இருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த ரகம்தான். பாட்டன் வீட்டு அடுப்படியில் செப்புக் குடம் இருக்கிறதாம், குறி சொல்லும் கோடாங்கி சொல்லிவிட்டாராம், எனக்கு நாலில் ஒரு பங்காம். இரிடியம் கலசம் என்ற மோசடிப் பேச்சை ஆரம்பித்தவர்களும் உண்டு. மோதிரத்தைத் தவறவிட்டவர் அப்படிப் பேசமாட்டார். அவர் முதலில் சொல்வது, “வீட்டில் இன்னும் சொல்லவில்லை சார்” என்பதுதான்.

கருவியைப் பற்றியும் மக்களிடம் மிகையான நம்பிக்கை இருக்கிறது. அதன் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்சாரம் ஓடும். அதனால் உண்டாகும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் எழும். அதை இரண்டாவது சுருள் உணர்ந்து காதுக்கு ஓசையாகத் தரும். மோதிரம் மூடிய வளையம் என்பதால் மின்னோட்டம் அதைச் சுற்றித் தடையின்றி ஓடும், ஓசையும் தெளிவாக எழும். மெட்டி அடியில் பிளந்திருக்கும்; ஓசை மெலிந்துவிடும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். கண்ணி கண்ணியாகப் பிரிந்து கிடப்பதால் அதன் எடைக்குத் தக்க ஓசை வராது. தங்கத்துக்கென்று தனி ஓசை எதுவும் கிடையாது. மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடு மோதிரத்தின் ஓசையையே தரும். ஒரு மோதிரத்துக்காகக் குனிகிறவன் அதற்கு முன் எத்தனையோ மாத்திரை அட்டைகளுக்கும் மதுப்பாட்டில் மூடிகளுக்கும் லாட ஆணிகளுக்கும் குனிந்திருப்பான். நம் ஊர் வரப்புகளில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் கணக்கு எந்தத் துறையிடமும் இருக்காது.

இந்தக் கருவிக்கும் எங்கள் துறைக்கும் மூதாதை ஒருவரே. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று அறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே போன்ற சுருள் கருவி ஒன்றைத் தொலைபேசி ரிசீவருடன் இணைத்து எடுத்துக்கொண்டு போனார். மெத்தையின் எஃகுக் கம்பிச் சுருள்கள் ஓசையைக் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர் வேறு பக்கம் தேடவே விடவில்லை. குண்டு கிடைக்கவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. நான் போகும் இடங்களிலெல்லாம் அப்படி ஒரு மருத்துவர் தவறாமல் நிற்பார். “இங்கேதான் விழுந்தது, அங்கே எதற்குத் தேடுகிறீர்கள்?” என்பார்.

திருமங்கலம் தாண்டிக் கல்லுப்பட்டி போகும் வழியில் ஒரு கரிசல் காடு. பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த விவசாயியின் விரலிலிருந்து நெளி மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சில வெடிப்புகளுக்குள் முழங்கை வரை கை போகும். தரைக்கு மேலே தட்டை ஓட்டியதில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாணுக்குக் கீழே போய்விட்ட மோதிரம் என் கருவிக்கு எட்டாது. டார்ச் லைட் அளவில் கைக்கருவி ஒன்று வைத்திருக்கிறேன். உலோகத்தை நெருங்கினால் அதிரும். அதை ஒரு கம்பில் கட்டி வெடிப்பு வெடிப்பாக இறக்கிப் பார்த்தோம். ஒன்றில் அதிர்ந்தது. உடனே அவருடைய மகன் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். தடுத்தேன். மேலிருந்து வெட்டினால் கட்டி உடைந்து மோதிரம் இன்னும் கீழே இறங்கிவிடும். ஒரு முழம் தள்ளிக் குழி எடுத்து, அங்கிருந்து பக்கவாட்டில் கையால் பெயர்த்துக்கொண்டே வர வேண்டும். கேபிள் இணைப்பை நெருங்குவதும் அப்படித்தான். கடைசியில் கரிக்கட்டி போன்ற ஒரு மண்ணாங்கட்டியைப் பிட்டபோது நெளியின் ஒரு வளைவு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அதை அவர் விரலில் போட்டுக்கொள்ளவில்லை. பீடிக் கட்டுக் காகிதத்தில் மடித்து மகனிடம் நீட்டி, “அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு” என்றார்.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. வலையங்குளம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம். விடியுமுன் கூலிப் பெண்களோடு சேர்ந்து தோட்டக்கார அம்மாளும் மொட்டு பறித்திருக்கிறார். பூவை எடை போடும் நேரத்தில்தான் கையில் மோதிரம் இல்லை என்று பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெண்கள் நால்வரும் வரப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மடியை அவிழ்த்து உதறிக் காட்டியாகிவிட்டது. சோற்று வாளியையும் கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது. செடி வரிசைகளில் தட்டை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பூப் பறித்த பிறகு எங்கே கை கழுவினீர்கள் என்று கேட்டேன். பம்பு செட் தொட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே இரும்புக் குழாயின் இரைச்சல் காதைப் பிளந்தது. தட்டை ஒதுக்கிவிட்டுக் கைக்கருவியால் தொட்டியின் விளிம்பு ஓரமாகச் சேற்றைத் துழாவினேன். துவைக்கிற கல்லின் அடியில் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் விரல் சற்றுச் சுருங்கும். மொட்டுப் பறித்த ஈரக் கையை உதறினால் மோதிரம் தானாகக் கழன்று போகும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர், “அதை அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள் ஐயா” என்றார். அப்படியே தோட்டக்கார அம்மாளே எடுத்தார். எனக்கு இளநீர் வெட்டினார்கள். மடியை உதறிக் காட்டிய பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வீட்டில் மோதிரம் காணாமல் போனால் நம் ஆட்கள் தேடுவது பாத்திரம் தேய்க்கும் பெண்ணை. அடுத்து, வெள்ளையடிக்க வந்தவரை. அதற்கும் அடுத்து வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போகிறார்கள். அவரும் மேற்குத் திசை, மாநிறம், உறவுக்காரப் பெண் என்று ஏதாவது சொல்லி ஒரு குடும்பத்தையே இரண்டாக்கிவிடுவார். இன்னும் சிலர் மடப்புரம் காளி கோயிலுக்குப் போய், எடுத்தவருக்குத் தண்டனை வேண்டிக் காசு வெட்டிப் போடுகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த மடப்புரத்திலேயே 2025 ஜூனில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்க முடியாது. நகையைக் காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கோயில் காவலாளி போலீஸ் பிடியில் உயிரிழந்தார், வழக்கு சி.பி.ஐ. வரை போனது. பொருள் காணவில்லை என்று ஒருவர் சொன்னதுமே அது திருட்டுதான் என்று முடிவு கட்டும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சான்றிதழோ ஓட்டுநர் உரிமமோ தொலைந்தால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே தொலைந்ததற்கான அறிக்கையைப் பெற்றுவிடலாம். யார் மேலும் சந்தேகம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. மோதிரத்துக்கு அந்த வழி இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் முதல் கேள்வியே “யார் மேல் சந்தேகம்?” என்பதுதான். தவறிய நகைக்கென்று ஒரு தனி வகை வைத்து புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுக்கலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த விரலிலிருந்து என்று அதில் எழுதட்டும். முதலில் அந்த இடத்தைத் தேடட்டும். தேடிக் கிடைக்காவிட்டால் ஆட்களை விசாரிக்கட்டும். என்னைப் போன்றவர்களுக்கும் அந்த ரசீதின் நகல் ஒன்று கையில் இருந்தால், வயலில் கருவியோடு நிற்கும்போது ஊரார் கூடிப் புதையல்காரன் என்று மடக்க மாட்டார்கள்.

கண்டெடுத்தவர் கதையும் இருக்கிறது. கீழே கிடந்ததை எடுத்தால் நமக்குத்தான் என்று நினைப்பவர்கள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவைப் பார்க்கலாம். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவர் யார் என்று தேடாமல் உடனே விற்றுவிட்டவன் குற்றவாளி என்று மோதிரத்தையே உதாரணமாக வைத்து 1860-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-ஆம் பிரிவு. உரியவரைத் தேடுவதற்கு இன்று வசதியும் கூடியிருக்கிறது. ஹால்மார்க் நகைகளில் எண்ணும் எழுத்துமாக ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை இட்டால் பதிவுபெற்ற நகைக்கடை எது என்பது தெரிந்துவிடும். வாங்கும்போதே அந்தக் குறியீட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் காபி குடிக்கும் நேரம்கூட ஆகாது.

மோதிரம் விழுந்துவிட்டால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தை மிதிக்காதீர்கள். கூட்டாதீர்கள், கொத்தாதீர்கள். நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

சித்திரைத் திருவிழாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் எத்தனை ஆயிரம் ஈரக் கைகள் மேலே உயர்கின்றன! கூட்டம் கலைந்த பிறகு, பறித்துவிட்டார்கள், பறித்துவிட்டார்கள் என்றுதான் புகார் வருகிறது. சங்கிலி பறிப்பவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நெரிசலில் ஒருவர் விரலைப் பிடித்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு போகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. காணாமல் போன மோதிரங்களில் பலவும் ஆற்றுக்குள்தான் கிடக்கும். மறுநாள் ஜேசிபி இறங்கிக் குப்பையை வாருவதற்கு முன், காவலர் ஒருவரும் தூய்மைப் பணியாளர்களும் உடனிருக்க, கருவி வைத்திருப்பவர்களைச் சில மணி நேரம் தேட விடலாம். கிடைப்பதையெல்லாம் அங்கேயே ஒரு நோட்டில் எழுதிக் காவல் நிலையத்தில் வைத்துக்கொள்ளட்டும். கண்டெடுத்த நகையைத் தூய்மைப் பணியாளர்கள் ஒப்படைத்த செய்திகளைத் தாங்களே எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் மதுரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் பெயர், முகவரி, கருவியின் விவரம் எல்லாவற்றையும் காவல் துறை பதிந்துவைத்துக்கொள்ளட்டும், கூப்பிட்டால் வருகிறோம். வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்துக்குக் கீழே தேடச் சொன்னால் மட்டும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை மாநகராட்சிதான் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
பழங்காநத்தம், மதுரை-3