லிண்டாவ் கலங்கரை விளக்கப் பயணம்: பெயர் தாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் 14, சனிக்கிழமை லிண்டாவ் போகிறோம்.

கடலே இல்லாத ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் இருக்கும் ஒரே கலங்கரை விளக்கம் அது. 33 மீட்டர் உயரம், முகப்பில் பெரிய கடிகாரம். 1856 முதல் கான்ஸ்டன்ஸ் ஏரிப் படகுகளுக்கு வழிகாட்டுகிறது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்த மாங் கோபுரமும் அதே துறைமுகத்தில்தான் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இரண்டையும் ஒரே இடத்தில் பார்ப்பது அரிது, பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

1. காலை 10:30, லிண்டாவ்-இன்சல் ரயில் நிலைய வாசல். லிண்டாவ்-ரொய்ட்டின் என்ற வேறு நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள்.
2. மேலே ஏறப் படிகள் அதிகம், நல்ல ஷூ அவசியம்.
3. சுவரில் எதையும் கிறுக்க வேண்டாம்.
4. எத்தனை பேர் என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.