ஜெல் படம் கிடைத்தது

டர்பன், ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டுவது மொரீஷியஸிலிருந்து இங்கே வரை கேட்கிறது. உங்களுக்கென்ன, காவடிக்கு அரசு விடுமுறை. இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? கமலா மேடம் இன்னும் ஃபோனிலேயே வைவா நடத்துகிறாரா?

சரி, உன் ஜெல் படம், என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவில் நோயின் வீரியத்தைக் கூட்டும் ஜீன்களைத் தேடியது. ஐந்து ஜீனையும் ஒரே குழாயில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகலாக்கும் முறை) ஓட்டிவிட்டாய், சபாஷ். ஆனால் ஜெல்-ஈ ஜீனின் துண்டு 213 பேஸ் (டிஎன்ஏ எழுத்து), ஹைல் 276. நடுவில் 63 பேஸ்தான்! துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லை 1.5 சதவீத அகரோஸில் அவசரமாக ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். 2 சதவீதம் போடு, வோல்டேஜைக் குறை. ஆசா-1 (375), ஈஸ்ப் (510) தொல்லை தராது. சைல்-ஏ மங்கலாக வந்ததற்குக் காரணம் அது 688 பேஸ் நீளம், கூட்டத்தில் பின்தங்கும். அதனால்தான் சைல்-ஏ, ஈஸ்ப் பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 0.2 மைக்ரோமோலார், மற்ற மூன்றையும் 0.1 வைப்பார்கள். நீ எல்லாவற்றையும் சமமாக ஊற்றினாய்தானே? ஹாஸ்டல் சாம்பார் புத்தி போகவில்லை.

ஒன்றுமே வராத லேன்களுக்கு (ஜெல்லில் ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடம்) பிரைமரைத் திட்டாதே. காலனியை 20 மைக்ரோலிட்டர் எஸ்டிஎஸ்-சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 95 டிகிரியில் 15 நிமிடம் வைத்தபின் 180 மைக்ரோலிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். அதைக் குறைத்தால் எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரி) நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸைக் கெடுத்துவிடும்.

இதெல்லாம் சில்லறை. என் வயிற்றெரிச்சல் உன் அறிக்கையின் கடைசிக் கட்டம்: 'ஐந்தில் மூன்றுக்கு மேல் பாசிட்டிவ், ஆகவே வீரியம் மிக்கது.' எப்படியடி அப்படி எழுதினாய்? ஜீன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. ஜெலட்டினைக் கரைக்கும் ஜெலட்டினேஸ் நொதிக்கான ஜீன் ஜெல்-ஈ. அதை முடுக்குவது எஃப்எஸ்ஆர் என்ற டிஎன்ஏ பகுதி. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் இனத்தில் பலவற்றில் அந்த இடத்தில் 23.9 கிலோபேஸ் (23,900 பேஸ்) அறுந்து போயிருக்கும். ஜெல்-ஈ மட்டும் பத்திரமாக நிற்கும், பட்டை பளிச்சென்று வரும், ஜெலட்டின் கரையாது. 3 சதவீத ஜெலட்டின் அகாரில் ஓர் இரவு 37 டிகிரியில் வளர்த்து, பிறகு ஃபிரிட்ஜில் வை. காலனியைச் சுற்றி மேகம் போல வெளுத்தால்தான் ஜெலட்டினேஸ் சுரக்கிறது என்று எழுது.

சைல்-ஏ சம்பந்தப்பட்ட சைட்டோலைசின் என்ற நச்சுக்கு ஆட்டு ரத்தத் தட்டைப் பார்த்துவிட்டு 'ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்) இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அது செம்மறியாட்டுச் சிவப்பணுவை உடைக்காது! குதிரை ரத்தம் வேண்டும், இல்லையென்றால் மனித ரத்தம். ஹைல் பெயரை நம்பி 'ஹையலுரோனிடேஸ்' (திசுவின் பசையைக் கரைக்கும் நொதி) என்று விளக்கம் கொடுக்காதே. இன்னோர் இனமான ஃபீசியத்தில் அந்தப் புரதம் அந்த வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, ஃபீகாலிஸையும் ஃபீசியத்தையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டியிருக்கிறாய். சைல்-ஏ, ஜெல்-ஈ பெரும்பாலும் முன்னதன் சொத்து. மருத்துவமனை ஃபீசியத்தில் தேட வேண்டியது ஈஸ்ப், ஹைல். ஃபீசியம் லேனில் சைல்-ஏ வந்தால் முதலில் கலப்படம் என்று சந்தேகப்படு, தனிக் காலனி எடுத்துத் திரும்ப ஓட்டு.

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். இந்தத் தாள் வார்டுக்குப் போகும். ஐந்தில் நான்கு ஜீனை வைத்துக்கொண்டு ஆம்பிசிலினுக்கு அடங்கிவிடும் ஃபீகாலிஸை அவர்கள் தனி அறையில் பூட்டுவார்கள். ஈஸ்ப் ஒன்றுடன் வான்கோமைசின் எதிர்ப்பு ஜீனான வான்-ஏயும் சுமக்கும் ஃபீசியம் வான்கோமைசினுக்கும் டைகோபிளானினுக்கும் மசியாது. உன் கணக்கில் அதற்கு மதிப்பெண் ஒன்று! அது பொது வார்டில் கட்டில் கம்பியிலும் கதீட்டரிலும் உட்கார்ந்திருக்கும். உலர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது அது.

அந்தக் கடைசிக் கட்டத்தை எடுத்துவிடு. அதற்குப் பதில் இனம், ஆம்பிசிலின், வான்-ஏ, வான்-பி, எந்த மாதிரியிலிருந்து எடுத்தது என்று போடு. ஜீன் அட்டவணை பின்னிணைப்பில் இருக்கட்டும். வெள்ளிக்குள் திருத்தி அனுப்பு, இந்த முறை உடனே பார்க்கிறேன், சத்தியம்.

உன்,
வாசுகி